என் கைதான் தெர்மோஸ்டாட்

"சுடறது பாம்புக்குத் தெரியாது, நாமதான்..." அதற்கு மேல் என்னவோ சொல்வாரே, சங்கத்தை ஆரம்பித்த கிழவர் வில்ஃப், ஒவ்வொரு வருஷ விருந்திலும்? ப்ரெண்டாவுக்கு மீதி ஞாபகம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்றிருந்தது. அவள் கொண்டுவந்த பாம்புப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த ட்ரெவர், நிதானமாக வெளியே எடுத்தார்.

"சீட்டு தர முடியாது, கண்ணு."

"ஏனாம்?"

"விளக்கைச் சுத்திக் கம்பிக் கூண்டு இல்லை. சூடு ஏறினா அணைக்கத் தெர்மோஸ்டாட் இல்லை. வெறும் விளக்கு தொங்குது."

"ஒன்பது வருஷமாத் தொங்குது. ஜெரால்டு செத்தா போயிட்டான்?"

ஜெரால்டு அவள் கோட்டுக்குள், வாய் முடிந்த தலையணை உறைக்குள் நெளிந்தான். ஆரஞ்சு நிறப் பாம்பு. ஓடிப்போன புருஷன் பெயரைத்தான் வைத்திருந்தாள். "இவனாவது வீட்டோட இருக்கான்" என்பாள் கேட்பவர்களிடம்.

"சூடு அதிகமானா உனக்கு எப்படித் தெரியும்?"

"உள்ளே கையை விட்டுப் பார்ப்பேன். சுட்டா, கதவிடுக்குல துணி கிளிப்பைச் செருகித் திறந்து வைப்பேன். என் கைதான் தெர்மோஸ்டாட்!"

கூடமே சிரித்தது. ட்ரெவர் சிரிக்கவில்லை.

"கை தூங்குமே, கண்ணு. விளக்கு தூங்காதே."

ஹாலிஃபாக்ஸ் தேவாலயக் கூடத்தில் ஊர்வன வளர்ப்போர் சங்கத்தின் பெட்டிக் கண்காட்சி. அவரவர் கையால் செய்த பெட்டிகள், விளக்கெரிய வரிசையாக நின்றன. அழகுக்கு ஓட்டுப் போடுவது எல்லாரும்; ஆபத்தில்லாத பெட்டி என்று பச்சைச் சீட்டு கட்டுவது ட்ரெவர் மட்டும். சீட்டில்லாத பெட்டிக்கு ஓட்டு கிடையாது.

மற்றவர்களுக்குச் சீட்டு போனால் போட்டியோடு போயிற்று. ப்ரெண்டாவுக்கு அப்படியில்லை. வாடகை வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் நாளைக் காலையில் வருகிறான். மரப்பெட்டிக்குள் சூடு விளக்காவது! வீடு பற்றிக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தான். சங்கத்துச் சீட்டு இருந்தால் பாம்பு இருக்கலாம். இல்லையென்றால் ஜெரால்டு வெளியே.

டீ ஊற்றிக்கொண்டிருந்த ஜானிஸ், எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள்.

"பொறாமை. வேற என்ன? பியானோ உள்ளே வந்ததுலேர்ந்து இவர் பெட்டியை யாரு திரும்பிப் பார்த்தாங்க?"

அது உண்மைதான். பழைய பியானோ ஒன்றைக் குடைந்து செய்திருந்தாள் ப்ரெண்டா. கட்டைகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு. காலையிலிருந்து கூட்டம் அங்கேயே மொய்த்தது. பக்கத்து மேஜையில் ட்ரெவரின் பெட்டி, முகம் பார்க்கலாம் போல வார்னிஷ் பூசி, தனியாக நின்றது. நாலு வருஷமாகக் கோப்பை அதற்குத்தான். இந்தத் தடவையும் ஜெயித்தால் கோப்பை அவருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம்.

"யோவ் ட்ரெவர், ஒரு சீட்டுதானே, கட்டித் தொலையேன்!" பன்றிக்கறி அடைத்த பேஸ்ட்ரியை மென்றபடியே கத்தினார் பருத்த டென்னிஸ். "மாட்ட வேண்டியதை அப்புறமா வாங்கி மாட்டிக்குவா."

"மாட்டினப்புறம் வரட்டும், கட்டறேன்."

"நாளைக்குக் காலைல அந்த ஆள் வந்து நிப்பான்யா! உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"உனக்கு இருக்கில்ல? உன் பெட்டியிலேர்ந்து கழட்டிக் குடு. யாராவது ஒருத்தர் குடுங்க. இப்பவே மாட்டிப் பார்த்துச் சீட்டு கட்டறேன்."

ஓட்டெடுப்பு இன்னும் தொடங்கவில்லை. டென்னிஸுக்குத் திடீரென்று விக்கல் வந்தது. மற்றவர்களுக்கு டீ ஆறிவிடுமே என்ற கவலை வந்தது.

ப்ரெண்டா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எவர் தயவும் எனக்கு வேண்டாம். ஜெரால்டை வெளியே போடறவன் என்னையும் சேர்த்துத்தான் போடணும். கார்லயே குடித்தனம் பண்றோம் ரெண்டு பேரும்! ட்ரெவர், அந்தக் கோப்பையை நீயே வச்சுக்க. அதுல டீ ஊத்திக் குடி!"

தலையணை உறையை அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். காருக்குள் ஜெரால்டுக்கு வெந்நீர்ப் பை ஒன்றை வைத்தாள். பியானோவை ஏற்றத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு, வழியெல்லாம் ட்ரெவரை வைதுகொண்டே திரும்பினாள்.

உள்ளே ட்ரெவர் முழங்காலிட்டு, பியானோவுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"கையை எடுய்யா என் பெட்டியிலேர்ந்து!"

"எடுக்கறேன், எடுக்கறேன். அதுக்கு முன்னாடி இந்த ஒயரைப் பிடி, கண்ணு."

கை தானாகப் பிடித்துவிட்டது. குனிந்து பார்த்தாள். விளக்கு ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருந்தது. ஜெரால்டு வழக்கமாகச் சுருண்டு கிடக்கும் மூலையில், சூடு பார்க்கும் சின்ன முனை ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

ட்ரெவர் காத்திருந்தார். சற்று நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. கொஞ்சம் பொறுத்து, தானாகவே எரிந்தது. பியானோவின் கண்ணாடிக் கதவில் பச்சைச் சீட்டைக் கட்டினார்.

"இதெல்லாம் எங்கேர்ந்து..." ப்ரெண்டா இழுத்தாள்.

ட்ரெவர் கால்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜானிஸ்தான் டீக் கெண்டியோடு அப்படியே நின்று பக்கத்து மேஜையைப் பார்த்தாள். வார்னிஷ் பூசிய பெட்டி இருட்டாக இருந்தது. அதன் கூரையில் திருகாணி கழன்ற ஓட்டைகள்.

"அஞ்சாவது வருஷம்யா இது!" என்றார் டென்னிஸ். "எல்லாத்தையும் கழட்டிட்டியே, நீ என்ன பண்ணப் போறே?"

"சட்டம் எல்லாருக்கும்தான்யா" என்றார் ட்ரெவர். பிறகு செயலாளரிடம் போய், தன் பெட்டியைப் போட்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.