இரண்டாவது கூடை

“கழிச்ச மீனை இன்னொரு கூடையில போட்டா இன்னா?”

காசிமேட்டில் ஒரு சிறுவன் எப்போதோ கேட்ட கேள்வி. அதிலிருந்துதான் நர்மதாவுக்கு அந்த யோசனை வந்தது.

டோல்கேட் பகுதியில் இருந்த கம்ப்யூட்டர் அலுவலகத்தில் அவள் அதைச் சொன்னதும், பக்கத்து நாற்காலி விமல் சிரித்தான். “மீனுக்கும் புரோகிராமுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?”

“நாம புரோகிராம் எழுதுற மொழியில ஒரு பட்டியலை ஃபில்டர் பண்ணா, தேறினது மட்டும்தான் கைக்கு வருது. தேறாதது வேணும்னா மறுபடியும் ஃபில்டர் பண்ணணும். ஒரே வாட்டில ரெண்டு பட்டியலா குடுக்கச் சொல்லி, அந்த மொழியை உருவாக்குறவங்களுக்கே எழுதப் போறேன்.”

“அட, ஜோரா கீதே! எனக்கு இப்டி ஒண்ணு தோணியிருந்தா என் வேலை நிரந்தரம் ஆயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா ஒரு யோசனையாவது காட்டுன்னு மேனேஜர் கெடு வெச்சிகீறாரு. யாரு அந்தப் பையன், உன் தம்பியா?”

“தெரிஞ்ச பையன்.”

விமல் டீ வாங்கப் போனான். நர்மதா கடிதத்தை முடித்து, ‘யோசனை தந்தவர்’ என்ற இடத்தில் ‘விமல்’ என்று தட்டினாள். மேனேஜருக்கும் ஒரு பிரதி சேர்த்தாள்.

இருபது வருடங்களுக்கு முன், கழித்த மீனைக் குப்பையில் கொட்டப்போன படகுக்காரர் திருமலையின் கையைப் பிடித்து அப்படிக் கேட்டவன் அவருடைய மகன் விமல்தான். அன்றிலிருந்து இரண்டாவது கூடை, மீன் பிரிக்கும் மங்கையின் வீட்டுக்குப் போனது. மங்கையின் மகள் நர்மதா பசியில்லாமல் படித்தாள்.

அவனுக்கு அது நினைவில்லை. கடவுளுக்கு நினைவிருக்கும்.

விமல் இரண்டு டீயோடு திரும்பியபோது கடிதம் போய்விட்டிருந்தது.