பல்லி வாங்கிக் கொடுத்த ஓகே

மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வந்துவிட்ட பூனைக்குட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று தமயந்தி கேட்டாள். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே "ஓகே" என்றான் கணவன்.

குட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"ரொம்பத் துள்ளாதே. காதுல விழலைன்னா அப்படித்தான் சொல்வான்" என்றது பல்லி. டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் அதற்கு, அந்த வீட்டு ஓகேக்கள் அத்தனையும் அத்துப்படி.

கணவன் நிமிர்ந்தான். "பூனையா? வேண்டாம்."

"ஓகே" என்றாள் தமயந்தி, வெடுக்கென்று.

"இது சண்டைக்கு" என்றது பல்லி.

குட்டியின் வால் தொங்கிப்போனது. "அப்ப நான் கிளம்பட்டுமா?"

தமயந்தி அதை வாரி எடுத்துக்கொண்டாள். "மழையில எங்க போகும்? இங்கேயே இருக்கட்டும்."

அவள் வாய் மூடுவதற்குள் பல்லி "உச், உச்" என்று கொட்டியது.

தமயந்தி மேசையை விரலால் தட்டினாள். "பாருங்க, பல்லியே சொல்லிடுச்சு. இனி மாத்தக் கூடாது."

அவன் பல்லியைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான். "ஓகே" என்றான்.

"இது எந்த ஓகே?" என்று கேட்டது குட்டி.

"நான் வாங்கிக் கொடுத்தது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, என்ன இருந்தாலும் பூனையாயிற்றே என்று ஒரு முழம் மேலே ஏறிக்கொண்டது பல்லி.