ஐந்தாவது சூப்பர்வைசர்

"வேற யாரை வேணாலும் சூப்பர்வைசரா போடுங்க சார். தேசப்பன் மட்டும் வேணாம்."

மேஸ்திரி கன்னியப்பன் மூன்றாவது முறையாக இதைச் சொன்னதும் தேவநாதன் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். மரக்காணம் உப்பளத்தின் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. வைகாசி வெயிலில் உள்ளே உட்காரவே முடியவில்லை. நாலு மணிக்கு மெட்ராஸிலிருந்து டைரக்டர் வேறு வருகிறார். இப்போது மணி மூன்று.

தேவநாதன் தலைமை அலுவலகத்து ஆள். தை மாதத்திலிருந்து இந்த அளத்தின் ரிஜிஸ்டர்களை மெட்ராஸுக்கு வரவழைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து புரட்டி, 'சீரமைப்புத் திட்டம்' ஒன்றைத் தீட்டியவர். முதல் கட்டம் பம்புசெட். அது முடிந்துவிட்டது. இரண்டாம் கட்டம் இன்றைக்கு. ஐந்து மேஸ்திரிகளுக்கும் பதவி போகிறது. ஒவ்வொரு கோஷ்டியிலும் அதிகமாக உப்பு வாரியவர் யாரோ, அவர்தான் இனி சூப்பர்வைசர். சொந்தமும் சிபாரிசும் செல்லாது. காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

நாலு பேர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே காத்திருந்தார்கள். ஐந்தாவது ஆளைத்தான் காணோம்.

"உன் பதவி போவுதேன்னு வயித்தெரிச்சல். அதானே?"

"இல்ல சார். நாளைக்கே நான் மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு பாத்தில எறங்கிடறேன். தேசப்பனுக்கு அந்த வேலை ஒத்து வராது."

"ஏன், குடிப்பானா?"

"அதெல்லாம் கெடையாதுங்க."

"சண்டைக்காரனா?"

"ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டான் சார்."

"அப்படிப்பட்டவன்தான்யா எனக்கு வேணும்." தேவநாதன் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "அவனவன் ஒரு நாளைக்கு முப்பது கூடை வார்றான். தேசப்பன் முப்பத்தொம்பது. தை மாசத்திலேருந்து ஒரு நாள்கூட லீவு இல்ல. அஞ்சு கோஷ்டியிலயும் இவன மாதிரி ஒருத்தன் கெடையாது."

அந்த எண்ணிக்கையில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கூடையை அம்பாரத்தில் கொட்டும்போது உப்பு வாரியவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். குமாஸ்தா அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். வாரக் கூலியை மட்டும் மேஸ்திரி மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். அந்த அளத்தில் என்றைக்கும் இதுதான் வழக்கம்.

தேவநாதன் வாசலுக்கு வந்தார். கன்னியப்பனின் கோஷ்டி, பதின்மூன்று பேரும், வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தார்கள்.

"தேசப்பன் எங்கே?"

"கூனிமேட்டுக்குப் போயிருக்கான் சார்" என்றான் அய்யனார்.

"காய்ச்சலுங்க, படுத்திருக்கான்" என்றான் தங்கராசு, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தேவநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அப்பாவியை இந்தக் கன்னியப்பன் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான். இத்தனை பேரும் இவனுக்குப் பயந்து சாகிறார்கள். இந்த மேஸ்திரி ராஜ்யத்தை ஒழிக்கத்தானே திட்டமே போட்டது.

"கேட்டுக்கோ கன்னியப்பா. நாலு மணிக்குள்ள தேசப்பன் இங்க வந்து நிக்கணும். இல்லேன்னா உன் கோஷ்டி மொத்தத்தையும் நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்னு எழுதி டைரக்டர்கிட்ட குடுத்துடுவேன்."

கன்னியப்பன் வேப்பமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதின்மூன்று குடும்பம். இந்தக் கரையில் உப்பை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

"என்ன மட்டும் அனுப்பிடுங்க சார். அவங்கள விட்டுடுங்க."

"தேசப்பன் வரட்டும். எல்லாரையும் விட்டுடறேன்."

பியூனை லைன் வீட்டுக்கு விரட்டினார். கம்பெனி ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த ஓட்டு வீடுகள் அவை. முக்கால் மணி நேரம் கழித்துப் பியூன் திரும்பினான். கூட வந்தது தேசப்பன் இல்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒரு பெண்.

"தேசப்பன் சம்சாரம் சார். மங்கம்மா."

அவளைப் பார்த்ததும் கன்னியப்பன் குறுக்கே போய் நின்றார். "மங்கம்மா, நீ ஒண்ணும் பேசாத. வூட்டுக்குப் போ."

"என் முன்னாடியே மிரட்டுறியா?" தேவநாதன் அவரைக் கையால் விலக்கிவிட்டு சூப்பர்வைசர் நியமன ஆர்டரை எடுத்து நீட்டினார். "பயப்படாதம்மா. இனிமே இந்தாளு மேஸ்திரியே இல்ல. உன் புருஷன் சூப்பர்வைசர். மாசச் சம்பளம். இந்த அளத்திலேயே அதிகமா உப்பு வார்றது அவர்தான், தெரியுமா?"

மங்கம்மா காகிதத்தை வாங்கவில்லை. வேப்பமரத்தடியில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சாலையில் டைரக்டரின் ஜீப் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா. எங்க இருக்கார்? இந்தப் பதிமூணு பேரோட வேலை உன் வாயிலதான் இருக்குது."

"மேஸ்திரி மேல கோவப்படாதீங்கய்யா" என்றாள் மங்கம்மா. "எங்க வூட்டுக்காரரு போன ஐப்பசியிலயே செத்துட்டாருங்க. பேரை அடிச்சிட்டா லைன் வூடும் போயிடும், நானும் புள்ளையும் தெருவுல நிப்போம்னு, மேஸ்திரிதான் தெனம் ஆளுக்கு ஒரு கூடை அவரு பேரச் சொல்லிக் கொட்டச் சொன்னாரு; இவங்க ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் மூணு மூணு கொட்டிட்டாங்க."