பட்டத்தில் விழாத மின்னல்

ஆசிரியர் அறைக்குள் மகளோடு நுழைந்த அப்பா, விடைத்தாளை மேஜையில் ஓங்கி அடித்தார்.

“விஞ்ஞானி பிராங்க்ளின் விட்ட பட்டத்துல மின்னல் விழலை, விழுந்திருந்தா அந்த மனுஷன் அங்கேயே கருகியிருப்பார்னு என் பொண்ணு எழுதியிருக்கா. அதுக்கு முட்டையா?”

“பாடப் புத்தகத்துல மின்னல் விழுந்துச்சுன்னுதான் சார் இருக்கு” என்றாள் அறிவியல் டீச்சர்.

“இருந்தா? மேகத்துல இருந்த மின்சாரம் பட்டத்தோட ஈர நூல் வழியா, அதுல கட்டியிருந்த சாவிக்கு இறங்குச்சு. நடந்தது அவ்வளவுதான். கட்டுக்கதைக்கு மார்க்கு, உண்மைக்கு முட்டை. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்! உங்களுக்கெல்லாம் எந்தப் புண்ணியவான் பட்டம் கொடுத்தான்?”

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“நீங்கதான் சார்.”

“நானா?”

“காலேஜ்ல எனக்கு பிசிக்ஸ் எடுத்தது நீங்கதான். மின்னல் விழலைன்னு நானும் எழுதினேன். ‘அதிகப்பிரசங்கி, புத்தகத்துல இருக்கிறதை எழுது’ன்னு முட்டை போட்டீங்க.”

மகள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“அடுத்த பரீட்சையில மின்னலை விழ வச்சேன் சார். பட்டம் கிடைச்சுது.”