அப்பா சொன்னாரு

"புல்லுல பச்சை வெட்டுக்கிளியும் இருந்துச்சாம், பழுப்பும் இருந்துச்சாம். பழுப்பு மட்டும் குருவி கண்ணுல பட்டுடும், தின்னுடும். தப்பிச்ச பச்சைதான் முட்டை போடும். அதான் இப்போ எல்லாமே பச்சை. அப்பா சொன்னாரு," என்றாள் பூங்கா பெஞ்சில் இருந்த ஏழு வயதுச் சிறுமி.

அம்மாவின் நண்பர் என்று அவளுக்கு அறிமுகமாகியிருந்தவருக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறந்தால் அப்பா புராணம்தான்!

"ஒட்டகம் திமில்ல தண்ணியை..." என்று தொடங்கினார்.

"தண்ணி இல்ல அங்கிள், கொழுப்பு. அப்பா சொன்னாரு."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. "அப்பா!" என்று சிட்டாய்ப் பறந்தாள்.

அருகில் வந்த அவள் அம்மா மெல்லக் கேட்டாள். "கைக்குழந்தையா விட்டுட்டுப் போனீங்க. பெத்தவன் நான்தான்னு இன்னிக்குச் சொல்லிடப் போறேன்னீங்களே, சொல்லிட்டீங்களா?"

ஸ்கூட்டரில் ஏறி, ஓட்டி வந்தவரின் முதுகைக் கட்டிக்கொண்ட மகளையே அவர் பார்த்தார்.

"வேண்டாம். அவளுக்குத்தான் அப்பா இருக்காரே."