கிணற்றுப் படி

மேலுதடு மரத்துக்கொண்டிருந்தது.

ஊசி போட்டாயிற்று. பத்து நிமிடம் போகட்டும், எலும்பில் திருகாணியை இறக்கிவிடலாம், அதன்மேல் பல் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாய்வு நாற்காலியில் பெரியவர் சாயவில்லை. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

முன்பல் இரண்டும் போய் முப்பத்திரண்டு வருடம். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். மகள் கல்யாணப் படத்திலும் வாயை மூடிக்கொண்டே நின்றார்.

தம்பிதான் இந்த டாக்டரைச் சொன்னான். இன்று காரில் கூட்டிவந்ததும் அவன்தான். வெளியே காத்திருந்தான்.

டாக்டர் படிவத்தைப் புரட்டினார். பல் போன காரணம் என்ற இடத்தில் பெரியவர் மணிமணியாக எழுதியிருந்தார்.

கிணற்றுப் படியில் விழுந்தது.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க தம்பி வேற மாதிரில்ல சொன்னாரு. போன மாசம் கடைவாய்ப் பல் கட்ட வந்தப்ப, வெளியில உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் நடிச்சே காட்டுனாரு. ஒரே குத்து, அண்ணனுக்கு ரெண்டு பல்லுன்னு."

அவர் விரலால் வாயைத் தொட்டார். உதடு தன்னுடையதாக இல்லை.

அப்பாவின் கருமாதி அன்று. மாமன் கட்டிவிட்ட உருமாத் துண்டு தலையில் இருந்தது. மூத்தவனுக்கு மட்டும்தான் மரியாதையா என்று கேட்டுக்கொண்டே தம்பி கிணற்றடியில் கை ஓங்கினான்.

பார்த்தவர் யாருமில்லை.

உருமாவை அவிழ்த்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி காலில் விழுந்து அழுதான். வெளியே தெரிய வேண்டாம் என்று அவர்தான் தூக்கி நிறுத்தினார். பந்தியில் இருந்த ஊருக்குப் படி வழுக்கிவிட்டது என்றார்.

அம்மா சாகும்வரை அந்தப் படியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவிக்கும் படிதான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம். நடுவில் தம்பியின் குரல்.

"மாத்தி எழுதிடவாங்கய்யா?" என்றார் டாக்டர்.

அவர் கை நீட்டிப் பேனாவை வாங்கினார்.

கிணற்றுப் படியில் விழுந்தது. ஒருமுறை படித்தார். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

அடுத்த வரியில், உடன் வந்தவர் என்ற இடத்தில், காலையில் அவரே எழுதியது இருந்தது.

தம்பி அடைக்கலம்.

அதன்மேல் ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு.

பிறகு சாய்ந்து, வாயைத் திறந்தார்.