விலக்க வந்த நீலம்

என் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து எடுத்த அடைப்பைச் சீவி, சாயமேற்றி, பெரிதாக்கித் திரையில் காட்டினார் டாக்டரம்மா. கொழுப்பைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் மொய்த்திருந்தன. "இதெல்லாம் சண்டை போடுற செல்லுங்க. நடுவுல நீலமா இருக்கு பாருங்க, அதுங்க சண்டைய விலக்கிவிடுற செல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மச்சினன் தனகோடி சிரித்தான். "எங்க மாமா மாதிரின்னு சொல்லுங்க. அன்னிக்குத் தண்ணி லாரிகிட்ட நடந்த அடிதடியில இவரு நடுவுல புகுந்து விலக்கலேன்னா, எனக்கு ஒரு கண்ணோட போயிருக்காது டாக்டர். உசிரே போயிருக்கும்." பதினெட்டு வருடமாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

டாக்டரம்மா ஒரு நீலப் புள்ளியைப் பேனாவால் தொட்டார். அதன் விளிம்பில் சிவப்பு ஏறியிருந்தது. "சிலது இப்படி ஆயிடும். விலக்கத்தான் வரும். அந்தக் கொழுப்புக்குள்ள ரொம்ப நாள் நின்னா, அதுவே அடிக்க ஆரம்பிச்சிடும்."

"அப்படி மாறினதைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"முடியும். நீலம் முழுசாப் போகாது."

தனகோடி தன் ஒற்றைக் கண்ணைத் திரைக்கு அருகே கொண்டுபோய் அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தான். "அடப்பாவி, நீயுமா?" என்றான் அதனிடம். பிறகு, நான் எழுந்திருக்கத் தோதாகக் கையை நீட்டினான்.

அன்று அவன் முகத்தில் இறங்கிய வலது கையை மேசைக்கடியிலேயே வைத்துக்கொண்டு, இடது கையைக் கொடுத்தேன்.